பெட்டி பாதி, பை பாதி: பூமாவின் 'க்ளெவர் லிட்டில் பேக்'

ஷூ வாங்கினால் ஒரு அட்டைப் பெட்டி, அதற்குள் டிஷ்யூ தாள், இரண்டையும் தூக்கிப் போக ஒரு கடைப்பை. வீட்டுக்கு வந்த கொஞ்ச நேரத்தில் மூன்றும் குப்பைக்குப் போய்விடும். இந்த மூன்றின் வேலையையும் ஒன்றாகச் சேர்த்த பேக்கிங் எது என்று கேட்டால், பூமா நிறுவனம் 2010-ல் அறிமுகப்படுத்திய 'க்ளெவர் லிட்டில் பேக்'கைத்தான் முதலில் காட்டுவோம். வடிவமைப்பாளர் ஈவ் பெஹாரின் ஃபியூஸ்ப்ராஜெக்ட் ஸ்டூடியோ 21 மாதம் உழைத்து உருவாக்கியது அது. மடக்கு பேக்கிங் செய்ய நினைக்கிற யாரும் முதலில் இதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

உள்ளே இருப்பது டை கட்டிங்கில், அதாவது வடிவத்துக்கேற்ற கத்தி அச்சால், வெட்டிய ஒரே ஒரு தட்டையான அட்டை. மடித்து நிமிர்த்தினால் நான்கு சுவர் எழும்பி ஒரு தட்டாகும். மூடி கிடையாது. சுவர்கள் மேலே போகப் போக லேசாக உள்பக்கம் சாய்வதால் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கும்போது நழுவுவதில்லை. இந்தத் தட்டின் மேல் சிவப்பு நிற நான்-ஓவன் (நெய்யாத பிளாஸ்டிக் இழைத் துணி) பை இறுக்கமாக ஏறுகிறது. அட்டையில் அச்சும் இல்லை, லேமினேஷனும் இல்லை. பையின் ஓரங்களை நூலால் தைக்காமல் சூட்டால் ஒட்டியிருக்கிறார்கள். வழக்கமான ஷூ பெட்டியைவிட அட்டை 65% குறைவு. ஆண்டுக்கு 8,500 டன் காகிதம் மிச்சமாகும் என்று பூமா அப்போது கணக்குச் சொன்னது.

காகித மிச்சத்தைவிட இதில் எங்களுக்குப் பெரிதாகத் தெரிவது பாரத்தைப் பங்கிட்ட விதம். கிடங்கில் பாரம் மேலிருந்து கீழே அமுக்கும், கையில் தூக்கும்போது கீழே இழுக்கும். அமுக்கத்தைத் தாங்க அட்டை நல்லது, இழுவையைத் தாங்கத் துணி நல்லது. இந்த வடிவமைப்பில் அட்டை ஒருபோதும் தொங்குவதில்லை, துணி ஒருபோதும் நிற்பதில்லை. நம் ஸ்வீட் கடைகளில் தரும், மேலே கூரைபோல் கூடிக் கைப்பிடியாகும் அட்டைப் பெட்டியை இதோடு ஒப்பிடுங்கள். அங்கே இரண்டு வேலையும் ஒரே அட்டையின் தலையில் விழுகிறது. கைப்பிடி கிழிவதற்கு முன்பே அடியில் பசையில்லாமல் கோத்திருக்கும் லாக் விரிந்து, அரைக் கிலோ மைசூர்பாகு தரையில் கிடக்கும். அட்டையிலேயே கைப்பிடி வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் அடிப்பாகம் பேஸ்டிங் செய்த, அதாவது பசையால் ஒட்டிய, பெட்டியை விரித்ததும் தானே பூட்டிக்கொள்ளும் ஆட்டோ லாக்காக இருக்கட்டும். கை நுழையும் துளை குறைந்தது 80 மிமீ அகலம், 25 மிமீ உயரம், மூலைகள் வளைவாக. கூர்மையான மூலைதான் கிழிசல் ஆரம்பிக்கும் இடம். துளையை முழுக்க வெட்டி எடுக்காமல் மேல்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்க விட்டால், அந்தத் துண்டு மடிந்து விரலை அறுக்காமல் காக்கும்.

குறைகளும் இருக்கின்றன. மூடி இல்லாததால் மேலே வரும் அமுக்கம் முழுவதும் சுவர் விளிம்பில் இறங்குகிறது. சுவர் கொஞ்சம் வெளியே வளைந்தாலும் ஷூவின் முனை நசுங்கும். கடையில் ஒருவர் போட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றால், விற்பனையாளர் தட்டை மறுபடி பைக்குள் நுழைக்க வேண்டும். மூடியைத் தூக்கி மூடுவதைவிட அது நேரம் பிடிக்கும் வேலை. பழைய பேப்பர்காரர் அட்டையை எடுத்துக்கொள்வார், நான்-ஓவனைத் தொடமாட்டார். வாங்கியவர் அந்தப் பையைப் பலமுறை பயன்படுத்தினால்தான் கணக்கு நேராகும்.

தமிழ்நாட்டில் இதை அப்படியே நகலெடுக்கவும் முடியாது. இங்கே நான்-ஓவன் கைப்பைகள் தடைப் பட்டியலில் இருக்கின்றன. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் ஷூ செய்பவர்கள் உள்ளூர்ச் சந்தைக்கு இதுபோல் செய்ய நினைத்தால் பருத்திதான் வழி. 2021-ல் 'மீண்டும் மஞ்சப்பை' திட்டம் தொடங்கியபின் பருத்திப் பை தைப்பவர்களைத் தேடுவது சுலபமாகிவிட்டது.

ஆண்கள் ஷூவுக்கு 320 × 200 × 120 மிமீ தட்டு என்று வைத்துக்கொள்வோம். ஈ-ஃப்ளூட் கோரகேட்டட் அட்டை, அதாவது நடுவில் அலை அலையான தாள் வைத்த சுமார் 1.5 மிமீ தடிமன் அட்டை, போதும். ஃப்ளூட் வரிகள், அதாவது அந்த அலைகள், சுவரில் செங்குத்தாக நிற்க வேண்டும். படுக்கையாக வந்தால் அமுக்கத் தாங்கல் வெகுவாகக் குறையும். டை போடுபவர் ஷீட்டில் இடம் மிச்சம் பிடிக்க வரைபடத்தைத் திருப்பிவிடுவது வழக்கமாக நடக்கும் தவறு, ஆகவே அம்புக்குறி போட்டுக் கொடுங்கள். இப்படி விரியும் தட்டில் ஒரு ஜோடிச் சுவரில்தான் ஃப்ளூட் நேராக நிற்கும், மற்ற ஜோடியில் படுத்துவிடும். நீளச் சுவர்களுக்கு முன்னுரிமை கொடுத்து, குட்டைச் சுவர்களை இரண்டு மடிப்பாக்குங்கள். உள்ளே மடியும் ஒவ்வொரு சுவரையும் அட்டைத் தடிமன் அளவுக்குச் சிறிதாக்காவிட்டால் மூலை சேராது.

கோரகேட்டட் வேண்டாம், அலைத்தாள் இல்லாத சாதா டூப்ளெக்ஸ் அட்டை என்றால் க்ரீஸ் (மடிப்புக் கோடு) கணக்கு முக்கியம்: அட்டைத் தடிமனை ஒன்றரையால் பெருக்கி, கோட்டை அழுத்தும் உலோகப் பட்டையான க்ரீஸ் ரூலின் தடிமனைக் கூட்டினால், அதன் எதிரே அட்டை அமுங்கும் பள்ளத்தின் அகலம். 0.5 மிமீ அட்டைக்கு 0.71 மிமீ ரூல் போட்டால் ஏறக்குறைய 1.5 மிமீ. பள்ளம் இதைவிடக் குறுகினால் மடிப்பில் மேல்தாள் வெடிக்கும், அகன்றால் சுவர் நேராக நிற்காது.

பைக்கு 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 180 கிராம்) பருத்தி நல்லது. பையின் உள்சுற்றளவு தட்டின் சுற்றளவைவிட 10 மிமீ அதிகம் இருக்கட்டும். அதற்குமேல் தொளதொளத்தால் சுவர் பிதுங்கும், குறைந்தால் பேக்கிங் மேசையில் நிற்பவர் திணித்துத் திணித்து மூலையைக் கிழிப்பார். கைப்பிடி நாடா 25 மிமீ அகலம். அதன் நுனி 40 மிமீ பைக்குள் இறங்கி, நான்கு பக்கமும் தைத்து நடுவில் பெருக்கல் குறி தையல் போட வேண்டும். ஒரே வரித் தையல் போட்டுச் செலவைக் குறைத்தால் அங்கேதான் முதலில் பிய்யும்.

ஆர்டர் கொடுப்பதற்கு முன் வெள்ளை சாம்பிள் (அச்சில்லாத மாதிரி) செய்து மூன்று சோதனை பாருங்கள். ஒரு ஜோடி 1.2 கிலோ என்றால், 3.6 கிலோ போட்டு ஒரு நாள் முழுக்கத் தொங்கவிடுங்கள். தட்டையான பக்கம், விளிம்பு, மூலை என ஒவ்வொன்றும் தரையில் படும்படி 76 செமீ உயரத்திலிருந்து பத்து முறை போடுங்கள். பிறகு அடுக்குச் சோதனை: பத்து அடுக்கில் அடிப்பெட்டியின் மேல் ஒன்பது ஜோடி, 10.8 கிலோ. ஆனால் 50 கிலோ தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பல வாரம் அடுக்கியே கிடந்தால் அட்டை தளரும், ஈரக் காற்றில் அதன் பலம் பாதியாகிவிடும். சென்னைக் கிடங்குக்குப் போகும் சரக்கென்றால் இந்தச் சோதனையைக் கோடையில் முடித்துவிட்டு நிம்மதி அடையாதீர்கள். ஐப்பசி மழையில் இன்னொரு முறை செய்யுங்கள்.