ஆடியோமாத்: வௌவால் கணக்கெடுப்புக்கு எதுவரை நம்பலாம்?

உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சர்க்யூட் பலகை, மூன்று ஏஏ பேட்டரி, ஒரு மைக்ரோஎஸ்டி கார்டு. ஓப்பன் அகூஸ்டிக் டிவைசஸ் குழுவின் ஆடியோமாத் என்ற ஒலிப்பதிவுக் கருவி இவ்வளவுதான். மாதிரி வேகம், அதாவது நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது என்பது, 384 கிலோஹெர்ட்ஸ் வரை போகும் என்பதால் பறவை, தவளைக் குரல்களோடு நம் காதுக்கு எட்டாத வௌவால் ஒலியும் பிடிபடும். சூழலியல் ஆலோசகருக்கு இதன் பெரிய பலம் விலை. உயர்தர வௌவால் ரெக்கார்டர் ஒன்றின் செலவில் இதில் பல வாங்கி, ஓடைக்கரை, வேலி, மரவரிசை என்று இடத்துக்கொன்று கட்டிவிடலாம்.

சுவிட்சுக்கு மூன்று நிலைகள். டிஃபால்ட்டில் தள்ளினால் உடனே பதிவு தொடங்கும். கஸ்டமில் வைத்தால் நீங்கள் கொடுத்த நேர அட்டவணைப்படி நடக்கும். பெரும்பாலான கோளாறு இந்த அட்டவணையில்தான். கருவி இயல்பாக யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும், கோப்பின் பெயரிலும் அதுவே விழும். இதைக் கவனிக்காமல் அந்திக்கு வைத்த பதிவு நள்ளிரவிலோ பட்டப்பகலிலோ ஓடி, ஒரு வாரக் களப்பணி வீணாகும். பேட்டரி மாற்றும் ஒவ்வொரு முறையும் கணினியில் இணைத்து நேரத்தைச் சரிபார்த்துவிடுங்கள்.

அடுத்தது கார்டின் கணக்கு. 384 கிலோஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 46 எம்பி, மணிக்கு சுமார் 2.8 ஜிபி; பத்து மணி நேர இரவுகள் இரண்டுக்கே 64 ஜிபி கார்டு ஏறக்குறைய நிரம்பிவிடும். 250 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கினால் மூன்று இரவு தாங்கும், அதில் பாதியான 125 கிலோஹெர்ட்ஸ் வரையான ஒலியும் கிடைக்கும். பெரும்பாலான இனங்களுக்கு அது போதும். ஒலி வந்தால் மட்டும் எழுதும் டிரிகர் வசதியும் உண்டு. ஆனால் வெட்டுக்கிளிகள் கத்தும் இடத்தில் அது இரவெல்லாம் திறந்தே கிடக்கும். டிரிகரைத் தூண்டும் ஒலியளவு வரம்பை உயர்த்தினாலோ தூரத்து வௌவால் விடுபடும். எத்தனை டெசிபலில் வைத்தோம் என்பதை அறிக்கையில் எழுதியே ஆகவேண்டும்.

மழைக்குப் பயந்து பிளாஸ்டிக் பையில் சுற்றுவது பரவலான வழக்கம். உயர் அதிர்வெண்ணை முதலில் விழுங்குவது அந்தப் பைதான். ஒலி புகும் சவ்வு பொருத்திய உறை வாங்குங்கள், அந்தச் செலவில் கை வைக்காதீர்கள். கட்டும்போது மைக் இலைக்கோ சுவருக்கோ ஒட்டாமல், வௌவால் பறக்கும் திறந்த வழியைப் பார்த்திருக்கட்டும்.

குறைகளும் உண்டு. சிறிய மெம்ஸ் (சில்லில் பொறித்த நுண்) மைக் என்பதால் உள் இரைச்சல் அதிகம். மெல்லிய குரல் கொண்ட இனங்கள் பக்கத்தில் பறந்தால்தான் பதிவாகும். 110 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஒலிக்கும் குதிரைலாட வௌவாலின் குரலைக் காற்றே சில மீட்டரில் கரைத்துவிடும். பழந்தின்னி வௌவால்களில் பெரும்பாலானவை எதிரொலியை நம்பிப் பறப்பவை அல்ல. அவற்றுக்கு இந்தக் கருவி பயன்படாது, தங்குமரத்தை நேரில் பார்த்து எண்ண வேண்டும். பதிவான கடப்புகளின், அதாவது வௌவால் மைக்கைக் கடந்து பறந்த தடவைகளின், எண்ணிக்கையும் வௌவால்களின் எண்ணிக்கை ஆகாது: ஒரே வௌவால் ஒரு விளக்கைச் சுற்றி இருபது முறை வந்தால் இருபது கோப்பு விழும். இதை மறந்து எழுதும் அறிக்கை, பாதுகாக்க வேண்டிய இடத்தையே தப்பாகக் காட்டும்.

நடந்துகொண்டே கேட்க வேண்டுமானால் வேறு கருவி பாருங்கள். இதில் திரையோ ஸ்பீக்கரோ கிடையாது. பல நாள் ஓரிடத்தில் கட்டிவைக்க இதைத் தயங்காமல் வாங்கலாம். களத்துக்குப் போகுமுன் உறையோடு டிஃபால்ட்டில் ஓடவிட்டு, ஒரு மீட்டர் தள்ளி நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். பிறகு கார்டை எடுத்து, பதிவை ஸ்பெக்ட்ரோகிராமில் (ஒலியின் அதிர்வெண்களைக் காட்டும் படத்தில்) பாருங்கள். 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே கீற்றுகள் தெரியாவிட்டால் மாதிரி வேகத்தையும் உறையின் சவ்வையும் சோதியுங்கள்.