சேற்றுப்பாறை மாதிரிப் பெட்டி: ஆறு கல்லில் நான்குதான் தேறுகிறது

நிலவியல் முதலாண்டு மாணவர்களுக்கென இணையத்தில் விற்கும் இந்தப் பெட்டியில் ஆறு கற்கள்: சில்ட்ஸ்டோன் (வண்டல் துகள் கல்), மட்ஸ்டோன் (வண்டலும் களியும் கலந்தது), கிளேஸ்டோன் (களித் துகள் கல்), சாம்பல் ஷேல், கறுப்பு ஷேல், ஆர்ஜிலைட் (நன்றாக இறுகிய சேற்றுப்பாறை). எல்லாமே சேறு இறுகி உண்டான சேற்றுப்பாறை வகைகள் என்பது விற்பவர் கணக்கு. படிவுப் பாறைகளில் ஏறக்குறைய பாதி சேற்றுப்பாறைதான். ஆனாலும் மாதிரிப் பெட்டிகளில் மணற்கல்லுக்கும் சுண்ணாம்புக்கல்லுக்கும் கிடைக்கும் இடம் இதற்குக் கிடைப்பதில்லை. அந்த வகையில் நல்ல யோசனை.

முதல் மூன்றும் சரியானவை. துகள்கள் 0.0625 மி.மீ.க்கும் சிறியவை என்பதால் கண்ணால் பிரிப்பது கஷ்டம். கத்தியால் சுரண்டிய பொடியில் துளி எடுத்து முன்பல்லில் வைத்துப் பாருங்கள். சில்ட்ஸ்டோன் நறநறக்கும், கிளேஸ்டோன் வழுக்கும், மட்ஸ்டோன் இடைப்பட்டது. இதிலுள்ள மட்ஸ்டோன் 10% ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நுரைக்கிறது. சுண்ணாம்பு கலந்தது என்று லேபிளில் போட்டிருக்கலாம்.

சாம்பல் ஷேல் என்று ஒட்டியிருப்பது ஷேலே இல்லை. ஷேல் என்றால் படிவுத் தளத்தோடு தகடு தகடாகப் பிரிய வேண்டும். இதன் ஓரத்தில் கத்திமுனை வைத்துத் தட்டினால் கோணல்மாணலாக, கட்டியாக உடைகிறது. களித் துகள்கள் ஒரே வாட்டத்தில் படுத்து அமுங்கினால்தான் தகடு வரும்; படிந்த சேற்றைப் புழுக்கள் கிளறிவிட்டால் அந்த வாட்டம் குலைந்துவிடும். இதுவும் மட்ஸ்டோன்தான். விற்பவர் நிறத்தைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார் போல.

ஆர்ஜிலைட் இன்னும் மோசம். தட்டினால் கணீரென்கிறது, வழவழப்பான தளத்தில் பிளக்கிறது, படிவு வரிகள் அந்தத் தளத்தைச் சாய்வாக வெட்டிப் போகின்றன. இது சிலேட், அதாவது வெப்பமும் அழுத்தமும் பட்டு உருமாறிய பாறை. ஆர்ஜிலைட் நன்றாக இறுகியிருக்கும், ஆனால் இப்படிப் பிளக்காது.

கறுப்பு ஷேல் அருமை. தகடாகவும் பிரிகிறது, பித்தளை நிறத்தில் பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) பொட்டுகளும் தெரிகின்றன. சிக்கலும் அந்தப் பொட்டுகளில்தான். ஈரக்காற்றில் பைரைட் ஆக்சிஜனேற்றமடைந்தால் வெளிர்ப் பொடி பூக்கும், கந்தக அமிலம் உண்டாகி லேபிளை அரிக்கும். இதைத் தனி ஜிப் கவரில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். கிளேஸ்டோனுக்கு அதே வைத்தியம் செய்யாதீர்கள். வீங்கும் களிமண் இருந்தால் அளவுக்கு மீறிக் காயும்போது வெடிப்பு விழும். கழுவவும் வேண்டாம், கரைந்து சேறாகிவிடும். உலர்ந்த தூரிகை போதும்.

கற்கள் 3 செ.மீ. அளவுதான். படிவு வரியையும் பிளவையும் காட்ட 8 செ.மீ.யாவது வேண்டும். இதைவிடப் பெரிய குறை, எந்தக் கல்லுக்கும் ஊர், அடுக்கு விவரம் கிடையாது. ஜிப்சம் நரம்பு ஓடும் ‘காரை ஷேல்’ (காரை என்ற ஊரின் பெயர் பெற்ற அடுக்கு) பெரம்பலூர் பக்கம் இருக்க, ஊர்பேர் தெரியாத துண்டை வைத்து என்ன பாடம் நடத்துவது?

வாங்குவதானால் ஷேலின் பக்கவாட்டுப் படத்தை முதலில் கேளுங்கள். தகடு தெரியாவிட்டால் அந்தத் துண்டை மாற்றித் தரச் சொல்லுங்கள்.