சுட்டு வீழ்த்தும் சோதனையா, சுடாத சோதனையா?

ஏவுகணைத் தடுப்புச் சோதனைகளில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் இலக்கு ஏவுகணையை நிஜமாகவே சுட்டு வீழ்த்துவார்கள். மற்றதில் இலக்கு மட்டும் நிஜமாகப் பறக்கும், ரேடார் அதைப் பின்தொடரும், தடுப்பு ஏவுகணையோ கணினிக்குள்தான் கிளம்பும். வழியிலேயே திசை மாற்றி நெளிந்து வரும் பாலிஸ்டிக் ஏவுகணை என்று வந்துவிட்டால், நான் இப்போது இரண்டாவதைத்தான் முதலில் பார்க்கிறேன்.

முதல் வகையின் பலத்தை விளக்கத் தேவையில்லை. மோதினால் மோதியதுதான். அமெரிக்காவின் தாட் தடுப்பு ஏவுகணை வரிசையாக 6 முறை கோட்டைவிட்டு, 1999 ஜூனில்தான் முதன்முதலாக இலக்கைத் தொட்டது. 2024 ஜூலை 24 அன்று நம் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ, ஒடிசாவின் தாம்ராவிலிருந்து இலக்கை ஏவி, 4 நிமிடம் கழித்து சாந்திபூரிலிருந்து தடுப்பு ஏவுகணையை அனுப்பியதும் இந்த வகைதான்.

ஆனால் இலக்கு எப்படிப் பறந்தது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. எரிபொருள் தீர்ந்த சாதாரண பாலிஸ்டிக் ஏவுகணை ஈர்ப்பு விசை சொன்னபடி போகும். ரேடார் சிறிது நேரம் பார்த்தாலே எங்கே சந்திக்கலாம் என்று கணக்குப் போட்டுவிடலாம். நெளியும் ஏவுகணை அந்தச் சந்திப்புப் புள்ளியையே நகர்த்திவிடுகிறது. பக்கவாட்டில் 1 ஜி (புவி ஈர்ப்பு தரும் முடுக்கம்) அளவுக்கு 10 விநாடி திரும்பினால் 490 மீட்டர்தான் விலகும். சரி, பெரிதில்லை. ஆனால் அதற்குள் விநாடிக்கு 98 மீட்டர் பக்கவாட்டு வேகம் சேர்ந்துவிட்டது. அடுத்த 50 விநாடியில் இன்னும் 4.9 கி.மீ. விலகிப் போயிருக்கும். அதைத் துரத்தும் தடுப்பு ஏவுகணைக்கு இலக்கைவிடச் சுமார் 3 மடங்கு திரும்பும் திறன் வேண்டும் என்பது பழைய பொறியியல் கணக்கு.

திட்டமிடாத நெளிவே எவ்வளவு தொல்லை என்பதை 1991 வளைகுடாப் போர் காட்டியது. ஈராக் தூரம் கூட்டி மாற்றியமைத்த ஸ்கட் ஏவுகணைகள் இறங்கும்போது உடைந்து, சுழன்று விழுந்தன. அவற்றைத் தடுக்க வந்த அமெரிக்காவின் பேட்ரியாட் தடுப்பு ஏவுகணை திணறியது. இன்று ரஷ்யாவின் இஸ்கந்தர், நம் பிரளய் போன்ற ஏவுகணைகள் எல்லாம் வேண்டுமென்றே திரும்பும்.

அதனால்தான் அமெரிக்காவின் 2025 மார்ச் சோதனை, சுடாத வகை,  எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஹவாய் அருகே சி-17 விமானத்திலிருந்து விடப்பட்ட இலக்கு நெளிந்து பறந்தது. பிங்க்னி போர்க்கப்பல் அதைக் கண்டுபிடித்து, பின்தொடர்ந்து, எஸ்எம்-6 என்ற தடுப்பு ஏவுகணையை ஏவுவதைப் பாவனையாகச் செய்தது. எதுவும் வெடிக்கவில்லை. ஆனாலும் கஷ்டமான கேள்வி, அதாவது திரும்பும் பொருளை ரேடாரும் மென்பொருளும் விடாமல் பிடித்து வைக்குமா என்பது, அங்கே நிஜமாகவே கேட்கப்பட்டது. நேராக விழும் இலக்கைப் பத்து முறை அடித்தாலும் இதற்குப் பதில் கிடைக்காது.

சுடாத சோதனையின் ஓட்டையையும் சொல்லியாக வேண்டும். 2021 மே மாதம் இரண்டு எஸ்எம்-6 நிஜமாகவே ஏவப்பட்டு, நடுத்தர தூர இலக்கைத் தவறவிட்டன. அப்படியொரு தோல்வி கணினிக்குள் தானாக வராது. தேடுகருவி, பக்க உந்திகள், வெடிமுனை எதுவுமே அங்கே வியர்ப்பதில்லை.

அப்புறம், போர்க்களமே பெரிய சோதனை இல்லையா என்பார்கள். 2023 மே மாதம் கீவ் மேலே பேட்ரியாட் ரஷ்யாவின் கின்ஜால் ஏவுகணை ஒன்றை வீழ்த்தியதாக உக்ரைன் அறிவித்தது. கடைசி விநாடிகளில் அது எவ்வளவு திரும்பியது என்ற தரவு என்னைப் போன்ற வாசகர் கைக்கு எட்டுவதில்லை. அதனால் அதை இந்த ஒப்பீட்டில் எந்தப் பக்கத்திலும் நான் சேர்க்கவில்லை.