மாத்திரை அட்டையின் பின்பக்கம்

"எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, நீயும் போடாதே" என்று அக்கா தங்கையிடம் சொல்வாள். எந்தக் கருத்தடை மாத்திரை, அதில் எந்த ஹார்மோன் என்று இருவரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். பல ஆண்டுகளில் மூன்று வகை மாத்திரைகளைப் போட்டுப் பார்த்தவள் நான். இரண்டு ஹார்மோன்கள் சேர்ந்த கூட்டு மாத்திரைகள் பலவற்றில் ஈஸ்ட்ரோஜன் ஒன்றேதான், எத்தினைல் எஸ்ட்ராடியோல். கூடவே இருக்கும் புரோஜெஸ்டின், அதாவது புரோஜெஸ்டிரோனைப் போல வேலை செய்யும் செயற்கை ஹார்மோன்தான் மாத்திரைக்கு மாத்திரை வேறாக அமைகிறது.

திருமணமான புதிதில் மாலா-என் என்ற கூட்டு மாத்திரை. கிராம சுகாதார செவிலியர் இலவசமாகக் கொடுத்தார். 0.15 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற புரோஜெஸ்டின் கொண்ட 21 வெள்ளை மாத்திரைகள், கடைசி வரிசையில் நிறம் மாறி 7 இரும்புச்சத்து மாத்திரைகள். அந்த வரிசைக்கு வந்ததும் மாதவிடாய் வந்துவிடும். வயிற்றுவலி பாதியாகக் குறைந்தது, ரத்தப்போக்கும் குறைந்தது. தொடக்கத்தில் இருந்த குமட்டல், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போட ஆரம்பித்ததும் அடங்கியது. தாடையோரப் பருக்கள் மட்டும் விடவில்லை. லெவோநார்ஜெஸ்ட்ரலுக்கு ஆண் ஹார்மோனின் சாயல் கொஞ்சம் உண்டு.

குழந்தைக்குப் பாலூட்டிய காலத்தில் 75 மைக்ரோகிராம் டெசோஜெஸ்ட்ரல், புரோஜெஸ்டின் மட்டும் உள்ள மாத்திரை. ஈஸ்ட்ரோஜன் இல்லாததால் பால் குறையுமோ என்ற கவலை இல்லை. இடைவெளி விடாமல் தினமும் போட வேண்டும். 12 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் பாதுகாப்பு குறையும். சொல்லாமல் கொள்ளாமல் வரும் உதிரக்கசிவுதான் இதில் பெரிய தொல்லை. வெளியூர்ப் பயணம் என்றாலே நாப்கின் கையோடு இருக்கும்.

பிறகு பி.சி.ஓ.எஸ். என்ற சினைப்பை, ஹார்மோன் தொல்லைக்காக மருத்துவர் டிராஸ்பைரனோன் உள்ள கூட்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். இது ஆண் ஹார்மோனை எதிர்ப்பது, உடலில் நீர் தேங்குவதையும் தடுப்பது. சில மாதங்களில் முகம் தெளிந்தது. ஆனால் எழுதுவதற்கு முன்பே அவர் நிறையக் கேட்டார்: வீட்டில் யாருக்காவது ரத்தம் உறைந்த வரலாறு உண்டா, கண்ணில் ஒளிக்கீற்று தெரிந்து வரும் ஒற்றைத் தலைவலி உண்டா, வலிப்புக்கோ காசநோய்க்கோ மருந்து சாப்பிடுகிறேனா? ரத்தம் உறைவது பற்றிக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. ஓராண்டில் லெவோநார்ஜெஸ்ட்ரல் கூட்டு மாத்திரை போடும் 10,000 பெண்களில் 5 முதல் 7 பேருக்கு ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டலாம். டிராஸ்பைரனோனில் அது 9 முதல் 12. எதுவும் போடாதவர்களில் சுமார் 2.

இதனால்தான் ஒரு மருந்துக்கடையில் எனக்குக் கோபம் வந்தது. கேட்ட மாத்திரை இல்லையென்று வேறொரு அட்டையைச் செய்தித்தாளில் சுற்றி நீட்டினார்கள். பிரித்து, பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் லெவோநார்ஜெஸ்ட்ரல். "கருத்தடை மாத்திரைதானே அம்மா, எல்லாம் ஒன்றுதான்" என்றார் கடைக்காரர். ஒன்றே அல்ல என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். நாம் கூச்சப்பட்டு வாங்கிக்கொண்டு வருவோம் என்றுதானே இந்த அலட்சியம்!

கூட்டு மாத்திரை போடுபவர்கள் ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் வந்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

சென்ற ஆண்டு எனக்கு ரத்த அழுத்தம் ஏறியதால் ஈஸ்ட்ரோஜன் வேண்டாம் என்று மருத்துவர் நிறுத்திவிட்டார். இப்போது மறுபடி டெசோஜெஸ்ட்ரல். கசிவு இருக்கத்தான் செய்கிறது, பருவும் இரண்டொன்று எட்டிப் பார்க்கிறது. இந்த வயதில் எனக்கு இதுதான் சரி.