ஐரியல் ப்ரோ: ஜாஸ் பியானோவில் கை நிற்கப் பழக

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் கீபோர்ட் வாசிக்கிறவர்களில் பலர் சர்ச் கொயரிலோ மெல்லிசைக் குழுவிலோ கை பழகியவர்கள். கார்ட் தெரியும், ஸ்கேல் தெரியும், பாட்டைக் கேட்ட மாத்திரத்தில் பிடித்துவிடுவார்கள். அவர்கள் ஜாஸ் சோலோவுக்கு உட்கார்ந்தால் ஒரே ஒரு குறைதான் தெரியும்: கை நிற்காது. அதற்குக் காரணமும் உண்டு. ஆராதனையில் ஒரு வரி முடிந்து சபை மூச்சு வாங்கும் இடத்தில் பிட் போட்டு நிரப்புவது கீபோர்டிஸ்டின் பொறுப்பு. இடைவெளியைக் கண்டால் நிரப்பிவிடும் பழக்கம் விரலில் ஊறிப்போயிருக்கிறது. ஜாஸ் சோலோவிலோ வரி சொல்பவரும் நீங்கள், மூச்சு வாங்க வேண்டியவரும் நீங்கள்.

அந்த மூச்சைப் பழக ஐரியல் ப்ரோ செயலி எவ்வளவு உதவும் என்பதுதான் இங்கே கேள்வி. செயலி செய்யும் வேலை எளிது. கார்ட் வரிசையைக் கட்டம் கட்டமாகக் காட்டும். அதற்கேற்ப பியானோ, பேஸ், டிரம்ஸ் மூன்றையும் தானே வாசிக்கும். வேகம், ஸ்கேல், ஸ்டைல், எத்தனை சுற்று என்பதெல்லாம் உங்கள் கையில். மெட்டு இருக்காது, கார்ட் மட்டும்தான். ஸ்விங் என்ற ஜாஸ் தாள நடை தெரிந்த ஒரு பேஸ் வாசிப்பவரையும் டிரம்மரையும் வாரம் மூன்று நாள் வீட்டுக்கு வரவழைப்பது இந்த ஊரில் சுலபமில்லை என்பதால், கொடுக்கும் காசுக்கு இது நல்ல துணை. ஆனால் திறந்தவுடன் இருக்கிற அமைப்பிலேயே வாசித்தால் ஃபிரேசிங் வராது, அதாவது நோட்டுகளைப் பேச்சு போல மூச்சு விட்டு வரி வரியாகச் சொல்வது கைவராது. சிலதை மாற்ற வேண்டும்.

முதலில் மிக்சரில் பியானோவை மியூட் செய்யுங்கள். இல்லாவிட்டால் உங்கள் இடது கையும் செயலியின் பியானோவும் ஒரே இடத்தில் மோதி, சத்தம் சேறாகிவிடும். கீபோர்டில் ஸ்டைலை அணைத்து, டச் ரெஸ்பான்ஸை (விரல் அழுத்தத்துக்கேற்ப சத்தம் மாறும் வசதி) மீடியத்தில் வையுங்கள். டச் இல்லாத கீபோர்டில் இந்தப் பயிற்சி பாதிதான் தேறும், ஏனென்றால் எந்த நோட்டை அழுத்துகிறோம், எதை விழுங்குகிறோம் என்பதும் ஃபிரேசிங்தான். சஸ்டெய்ன் பெடலில் கால் வேண்டாம். கீபோர்டில் ஆக்ஸ் இன் இருந்தால் போனை வயரில் இணையுங்கள். ப்ளூடூத் ஸ்பீக்கரில் செயலியை மட்டும் கேட்டால் பாதகமில்லை. திரையில் கட்டம் சற்று முந்தி ஓடும், அவ்வளவுதான். கீபோர்டின் சத்தத்தை ப்ளூடூத்தில் அனுப்பினால்தான் விரலுக்கும் காதுக்கும் தொடர்பு அறுந்துவிடும்.

வேகத்தை 60-ல் (நிமிடத்துக்கு 60 பீட்) வைத்துத் தொடங்குவது பலரும் செய்யும் தவறு. விரல் பயிற்சிக்கு அது சரி. ஃபிரேஸுக்கு ஆகாது: நோட்டுகள் தனித்தனியாக உதிர்ந்து, வரியாகவே காதில் விழாது. 120-ல் இரண்டு பார் (பாருக்கு நான்கு பீட்) என்பது 4 விநாடி, வாயால் பாடினால் ஒரே மூச்சு. 100-க்கும் 120-க்கும் நடுவில் வைத்து, நோட்டைக் குறைத்துக்கொள்வதே நல்லது.

இனி ஒரே ஒரு ஃபிரேஸைக் கிட்டத்தில் பார்ப்போம். சி மேஜரில் டூ-ஃபைவ்-ஒன் (ஸ்கேலின் 2, 5, 1-ஆம் நோட்டுகளில் கட்டிய மூன்று கார்ட்), மீடியம் ஸ்விங்: டி மைனர் 7 ஒரு பார், ஜி 7 ஒரு பார், சி மேஜர் 7 இரண்டு பார். இடது கை நடு சி-யை ஒட்டி இரண்டே நோட்: எஃப்-சி, பிறகு எஃப்-பி, பிறகு இ-பி. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு விரல்தான் நகர்கிறது. ரூட்டை, அதாவது கார்டின் பெயருக்குரிய நோட்டை, பேஸ் பார்த்துக்கொள்ளும். வலது கை முதல் பீட்டில் சும்மா இருக்கட்டும். அதன் பின் அரையில் டி, இரண்டாம் பீட்டில் எஃப், பின் அரையில் ஏ, மூன்றாம் பீட்டில் சி. அந்த சி-யை பார் முடியும் வரை பிடித்திருங்கள். ஜி 7 வந்ததும் முதல் பீட்டில் பி, பிறகு அரை அரையாக ஏ, ஜி, எஃப். எஃப்பில் மறுபடி கார்வை. சி மேஜர் 7-இன் முதல் பீட்டில் இ, சுருக்கமாகத் தொட்டு எடுத்துவிடுங்கள். அதோடு சரி. மீதியெல்லாம் மௌனம்.

ஒன்பதே நோட். இருந்தும் பேஸை அணைத்துவிட்டுக் கேட்டால்கூட கார்ட் மாறுவது தெரியும், ஏனென்றால் சி இறங்கி பி ஆவதும், எஃப் இறங்கி இ ஆவதும் மாற்றம் நிகழும் இடத்திலேயே விழுகின்றன. இப்போது கடைசி இ-யை மட்டும் அரை பீட் முன்னால், ஜி 7 பாரின் நான்காம் பீட்டுக்குப் பின் அரையில் போடுங்கள். அதே நோட்டுகள்தான், ஆனால் வரி முன்னோக்கிச் சாய்கிறது. இந்தச் சாய்வைக் காது உணரத் தொடங்கினால் ஃபிரேசிங் பிடிபட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

கச்சேரி கேட்கிறவர்களுக்கு இதை எடுப்பு என்று சொன்னால் போதும்: தாளத்தில் வரி தொடங்கும் இடம். முதல் பீட்டிலேயே தொடங்கினால் சமம். மேலே பார்த்தது அனாகதம், முதல் பீட் போன பிறகு தொடங்குவது. முந்தைய பாரின் கடைசியிலேயே தொடங்கினால் அதீதம். புதிதாகப் பழகுபவரின் சோலோ பெரும்பாலும் முழுக்க சமத்தில் தொடங்கி சமத்திலேயே முடியும், அதனால்தான் தட்டையாகக் கேட்கிறது. அதே ஒன்பது நோட்டை மூன்று எடுப்பிலும் வாசிப்பது, ஒன்பது புதிய லிக் (தயாராக வைத்திருக்கும் குட்டி வரி) மனப்பாடம் செய்வதைவிட மேல்.

ஸ்விங்கில் ஒரு பீட்டின் இரண்டு நோட்டும் சம அளவில் இருக்காது, முதலாவது நீளம். அதற்குத் தகிட சொல்லுங்கள். த-வில் முதல் நோட், ட-வில் இரண்டாவது, ட-வில் லேசான அழுத்தம். இந்த 2:1 கணக்கு நடுத்தர வேகத்துக்குத்தான். 200-ஐத் தாண்டினால் நோட்டுகள் ஏறக்குறைய சமமாகிவிடும். அங்கேயும் தகிட போட்டால் குதிரை ஓட்டம் மாதிரி ஆகிவிடும்.

அடுத்தது எஃப் ப்ளூஸ், 12 பார். இரண்டு பார் வாசிப்பு, இரண்டு பார் மௌனம், மூன்று முறை. நம் வட ஆர்க்காட்டுக் கூத்தில் வேஷக்காரர் ஒரு அடி பாடி விட்டதும் பின்பாட்டுக்காரர்கள் அதைப் பிடித்துக்கொள்வார்கள், அவர் அந்த நேரத்தில் ஆடி மூச்சு வாங்குவார். இங்கே பேஸும் டிரம்ஸும்தான் பின்பாட்டு. மௌனத்தில் இடது கையும் நிற்க வேண்டும். வலது கை நின்றதும் இடது கை எழுந்து நிரப்பப் பார்க்கும். அதைப் பிடித்து வைப்பதுதான் கஷ்டம். எண்ணிக்கை தவறினால் செயலியை நிறுத்தாதீர்கள். ஐந்தாவது பாரில் பி ஃப்ளாட் 7 வரும்போது பேஸ் காட்டிக்கொடுக்கும், அங்கே ஏறிக்கொள்ளுங்கள்.

செயலியின் பெரிய குறை அதன் திரை. கட்டம் கட்டமாக ஓடுவதைப் பார்த்துக்கொண்டே வாசித்தால் ஃபிரேஸும் கட்டத்துக்குள் சுருங்கி, ஒவ்வொரு பாரிலும் வெட்டுப்படும். இரண்டு சுற்றுக்கு மேல் பார்க்க வேண்டாம், போனைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள். இறக்கிக்கொள்ளும் கார்ட் வரிசைகள் பயனர்கள் எழுதியவை என்பதால் தவறும் இருக்கும், மூலப் பதிவோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள்.

இன்னொரு குறை தீர்க்க முடியாதது. இந்த பேஸும் டிரம்ஸும் உங்களைக் கேட்பதில்லை. அஹ்மத் ஜமால் 1958-ல் சிகாகோவின் பெர்ஷிங் ஹோட்டலில் ட்ரையோவாக வாசித்த பதிவைக் கேளுங்கள். அவர் விட்டுவைக்கும் இடத்தில் இஸ்ரேல் கிராஸ்பியின் பேஸும் வெர்னெல் ஃபோர்னியேவின் டிரம்ஸும் எப்படி முன்னுக்கு வருகின்றன என்று கவனியுங்கள். இடம் விடுவதைச் செயலியில் பழகலாம். அந்த இடத்தில் பதில் வாங்குவதற்கு மனிதர்கள்தான் வேண்டும்.

வாரம் ஒருமுறை இயர்போனில் செயலியைக் கேட்டபடி வாசித்து, கீபோர்ட் சத்தத்தை மட்டும் இன்னொரு போனில் பதிவு செய்யுங்கள். துணையில்லாத அந்தப் பதிவில் தாளமும் கார்ட் மாற்றமும் தெரிகின்றனவா என்று பாருங்கள்.

சி-யில் ஃபிரேஸ் நிலைத்த பிறகு பயிற்சி அமைப்பில் சுற்றுகளை 12 ஆக்கி, ஒவ்வொரு சுற்றுக்கும் 5 செமிடோன் நகரும்படி வைத்தால் 12 ஸ்கேலும் வந்துபோகும். வேகம் தானாக ஏறும் வசதியை அப்போது அணைத்து வையுங்கள். கீபோர்டில் இருக்கும் டிரான்ஸ்போஸ் பட்டனையும் தொடாதீர்கள். சர்ச்சில் அது கைகொடுக்கும், இங்கே விரல் சி-யிலேயே தங்கிவிடும்.