துப்பாக்கி உரிமமா, பதில் சொல்லும் காவல் நிலையமா? நீலகிரியிலிருந்து ஓர் ஒப்பீடு

"போலீஸை நம்பிப் பிரயோஜனம் இல்லை. வீட்டுக்கு ஒரு துப்பாக்கி லைசென்ஸ் வாங்கி வைத்துக்கொள்வதுதான் வழி." கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பக்கம் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. தனி பங்களாவில் இருக்கும் எஸ்டேட்காரரும் சொல்கிறார், இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருப்பவரும் சொல்கிறார். அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. நள்ளிரவில் நாய் விடாமல் குரைக்கும்போது 100-க்குப் போன் போட்டு, அந்த ஜீப் மூடுபனியில் வளைவு வளைவாக ஏறி வருவதற்குள் வந்தவன் வேலையை முடித்துவிட்டுப் போயிருப்பான். மழைக்காலத்தில் மண்சரிவு வந்தால் ஜீப்பும் வராது. 2017 ஏப்ரலில் கொடநாடு எஸ்டேட்டில் காவலாளி கொல்லப்பட்டதும், அந்த வழக்கு வருடக்கணக்கில் இழுபட்டதும் இந்த மலையில் யார் மனதை விட்டும் போகவில்லை.

இதற்கு எதிரே இருக்கும் வழி, காவல் நிலையத்தைப் பதில் சொல்ல வைப்பது. புகாருக்கு ரசீது, கேமராவுக்குப் பதிவு, தப்பு செய்த காவலர் மீது விசாரணை. கேட்பதற்குச் சப்பென்று இருக்கும். நான் இந்தப் பக்கம்தான். ஆனால் துப்பாக்கி கேட்பவர்களைப் பைத்தியக்காரர்கள் என்று ஒதுக்கிவிட்டு இதைப் பேச முடியாது. அதனால் அவர்கள் வழியிலிருந்தே தொடங்குகிறேன்.

உரிமம் எந்த வழியாக வருகிறது

நம் நாட்டில் ஆயுதம் வைத்திருப்பது அரசியல் சாசனம் தரும் உரிமை அல்ல, 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் தரும் அனுமதி. ஆனாலும் அந்தச் சட்டம் பலர் நினைப்பதைவிடத் தாராளமானது. பாதுகாப்புக்காக 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட சாதாரணத் துப்பாக்கி கேட்டாலும், பயிர்ப் பாதுகாப்புக்கென்று வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி கேட்டாலும், மறுக்கக் காரணம் இல்லையென்றால் உரிமம் தர வேண்டும் என்கிறது 13-வது பிரிவு. சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்று 14-வது பிரிவு சொல்கிறது. 21 வயது முடிந்திருக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிகள்தான் வைத்திருக்கலாம், உரிமம் ஐந்து வருடத்துக்குச் செல்லும்.

சரி, விண்ணப்பம் கொடுத்ததும் என்ன நடக்கிறது? ஆட்சியர் அலுவலகம் பக்கத்துக் காவல் நிலையத்திடம் அறிக்கை கேட்கும். ஆள் எப்படி, வழக்கு உண்டா, அக்கம்பக்கத்தில் தகராறு உண்டா, துப்பாக்கியைப் பத்திரமாகப் பூட்டி வைக்க வீட்டில் வசதி உண்டா என்று பார்த்து எழுதுவது அந்த நிலையம். புதுப்பிக்கும்போதும் அதே நிலையம். யாருடைய பாரபட்சத்துக்குப் பயந்து துப்பாக்கி கேட்கிறோமோ, அவர்கள் எழுதும் ஒரு பக்க அறிக்கையில்தான் நம் விண்ணப்பம் நிற்கிறது.

தேர்தல் வந்தால் இதைக் கண்ணால் பார்க்கலாம். தேதி அறிவித்த சில நாட்களில், உரிமம் உள்ளவர்கள் பெரும்பாலும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டியிருக்கும். பழைய கம்பளியில் சுற்றிய ஒற்றைக் குழல், தோளில் வார் போட்ட இரட்டைக் குழல், தாத்தா காலத்துத் துருப்பிடித்த ஒன்று என்று வரிசையாக வரும். ரைட்டர் உரிமப் புத்தகத்தைப் புரட்டி எண்ணைச் சரிபார்த்து, அட்டையில் பெயர் எழுதி, நூலால் குழலில் கட்டி, ரசீது கிழித்துக் கொடுப்பார். ஊர் முழுக்கக் கட்சிக்காரர்கள் மோதிக்கொள்ள வாய்ப்புள்ள அந்த வாரங்களில்தான் தற்காப்புத் துப்பாக்கி நிலையத்துப் பீரோவில் இருக்கும். ஆயுதத்தை ஒப்படைக்கச் சொல்வதைத் தப்பு என்று நான் சொல்லவில்லை. காவல்துறைக்குப் பதிலாக வாங்கிய பொருள், காவல்துறை சொன்னால் அவர்கள் கைக்கே திரும்பிப் போகிறது.

அப்புறம், காவலரின் அத்துமீறலுக்கு எதிராகவே துப்பாக்கியைப் பயன்படுத்த முடியுமா? பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. நல்லெண்ணத்தோடு தன் பதவியின்பேரில் செயல்படும் அரசு ஊழியருக்கு எதிராக, உயிரிழப்போ கொடுங்காயமோ ஏற்படும் என்ற நியாயமான அச்சம் இருந்தாலொழிய அந்த உரிமை கிடையாது என்று 37-வது பிரிவு கட்டுப்படுத்துகிறது. திருடனைச் சமாளிக்கலாம். பொய் வழக்கையோ, லாக்கப் அடியையோ, வாங்க மறுத்த புகாரையோ துப்பாக்கி வைத்து யாரும் சமாளித்ததில்லை.

யார் கையில் துப்பாக்கி

இந்தக் கேள்வி மலைக்குப் புதிதல்ல. 1878 ஆயுதச் சட்டத்தில் இந்தியருக்கு உரிமம் கட்டாயம், ஐரோப்பியருக்கு விலக்கு. அடுத்த வருடமே நீலகிரிக்கென்று வேட்டை விலங்குகள், மீன்கள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தலைமுறை தலைமுறையாக இந்தக் காட்டில் வேட்டையாடி வாழ்ந்தவர்களின் கையைச் சட்டம் கட்டியது, தோட்டத் துரைமாரின் ரைபிள் பங்களாச் சுவரில் தொங்கியது. அந்த இன வேறுபாடு விதிகளிலிருந்து நீங்க முதல் உலகப் போர் முடிய வேண்டியிருந்தது.

இன்றைக்குச் சட்டத்தில் வேறுபாடு இல்லை. நடைமுறையில் பாருங்கள். ஜென்மி என்ற பரம்பரை நிலவுடைமையை ஒழித்த 1969 சட்டத்திலிருந்து கூடலூரில் ஜென்மம் நிலப் பிரச்சினை ஓடுகிறது. 'செக்‌ஷன் 17' என்று அந்தச் சட்டப் பிரிவின் பெயரிலேயே அழைக்கப்படும், உரிமை முடிவாகாத நிலத்தில் இருக்கும் குடும்பங்களுக்குப் பட்டா கிடையாது. பயிர்ப் பாதுகாப்புக்கென்று உரிமம் கேட்டால் நிலம் யாருடையது என்ற கேள்வி முதலில் வரும். பாடி எனப்படும் தோட்டத்து வரிசை வீட்டில் இருக்கும் தொழிலாளிக்கும், அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீயில் வேலை பார்க்கும், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழருக்கும் வீடே தங்கள் பெயரில் இல்லை. பணியர் குடியிருப்பில் துப்பாக்கியைப் பூட்டி வைக்க இரும்புப் பீரோ எங்கே இருக்கிறது? துப்பாக்கியின் விலை, தோட்டாவின் விலை, பயிற்சிச் சான்றிதழ் எல்லாம் கூட்டிப் பார்த்தால், ஏற்கெனவே ஓரளவு பாதுகாப்பாக இருப்பவருக்குக் கூடுதலாக ஒரு பாதுகாப்பு, அவ்வளவுதான். காவல் நிலைய வாசலில் அதிகம் அலைக்கழிக்கப்படுபவர் இந்த வரிசையிலேயே இல்லை.

யானையும் பன்றியும் இருக்கிறதே என்று கேட்பார்கள். உயிரைக் காத்துக்கொள்ள நல்லெண்ணத்தோடு விலங்கைக் கொல்ல நேர்ந்தால் குற்றமில்லை என்று 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 11-வது பிரிவு சொல்கிறது. பயிரைக் காக்கச் சுட அந்தச் சலுகை இல்லை. தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் வந்த அரசாணைப்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றியைச் சுடலாம், சுடுவது வனத்துறை. காட்டுக்குள் ஊரும் ஊருக்குள் காடுமாக இருக்கும் கூடலூரில் அப்படி 3 கிலோமீட்டர் தள்ளி நிலம் எத்தனை பேருக்கு இருக்கும்? எல்லை தாண்டினால் வயநாட்டில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர் அனுமதியோடு உரிமத் துப்பாக்கிக்காரர்கள் பன்றியைச் சுடலாம். அந்த ஏற்பாட்டை இங்கேயும் கேட்பது நியாயமான கோரிக்கைதான். ஆனால் அது பயிர்ப் பிரச்சினை, போலீஸ் மேல் நம்பிக்கை இல்லாத பிரச்சினை அல்ல. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டக் கூடாது.

குடகும் அமெரிக்காவும்

குடகைக் காட்டிப் பேசுபவர்கள் நிறைய. அந்த மண்ணின் கொடவர்களுக்கும், ஜம்மா எனப்படும் பரம்பரை நிலம் வைத்திருப்பவர்களுக்கும் உரிமம் எடுப்பதிலிருந்து விலக்கு உண்டு. 2019-இல் அது 2029 வரை நீட்டிக்கப்பட்டது, 2021-இல் கர்நாடக உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. கைல்பொள்து பண்டிகையில் துப்பாக்கிக்குப் பூ வைத்துக் கும்பிடும் மரபு அது. பிறப்பையும் நிலத்தையும் வைத்து வந்த விலக்கு. படகரும் கோத்தரும் தோடரும் குறும்பரும் பணியரும் இலங்கையிலிருந்து வந்தவரும் மலையாளிகளும் சேர்ந்து வாழும் நீலகிரியில் யாருக்கு அதைக் கொடுப்பது? கேள்வியை எழுப்பினாலே புதுச் சண்டை பிறக்கும்.

அமெரிக்காதான் சரியான உரைகல், ஏனென்றால் அங்கே அது உரிமையாகவே இருக்கிறது. ஆயுதம் வைத்திருப்பது பற்றி 1791-இல் வந்த அரசியல் சாசன இரண்டாவது திருத்தம் தருவது தனிநபர் உரிமை என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2022-இல் வெளியே எடுத்துச் செல்லும் உரிமையையும் சேர்த்தது. துப்பாக்கி கேட்பவர்களின் பலமான வாதமும் அங்கேதான் இருக்கிறது. கணவனுக்கு எதிரான தடை உத்தரவைக் காவல்துறை அமல்படுத்தியே தீர வேண்டும் என்று கோர அரசியல் சாசனத்தில் இடமில்லை என்று 2005-இல், மூன்று மகள்களைப் பறிகொடுத்த ஒரு தாயின் வழக்கில் அதே நீதிமன்றம் சொன்னது. காப்பாற்றும் கடமை அவர்களுக்கு இல்லையென்றால் நான் ஏன் என்னைக் காத்துக்கொள்ளக் கூடாது என்ற கேள்விக்கு எளிதில் பதில் சொல்ல முடியாது. 1960-களில் லூசியானாவில் கறுப்பினத்தவர் ஆயுதத்தோடு காவல் நின்று, தங்கள் உரிமைப் போராட்டக்காரர்களைக் காப்பாற்றியதும் உண்மை.

ஆனால் போலீஸைப் பொறுப்பாக்கியதா அந்தத் துப்பாக்கி? 1967-இல் கலிபோர்னியாவில் கறுப்பின உரிமைக்காகப் போராடிய பிளாக் பாந்தர் இயக்கத்தினர் துப்பாக்கியோடு போலீஸ் ரோந்தைப் பின்தொடர்ந்து கண்காணித்தார்கள். உடனே, குண்டு போட்ட துப்பாக்கியைப் பொது இடத்தில் ஏந்துவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. 2016-இல் மினசோட்டாவில் பிலாண்டோ காஸ்டில் தன்னிடம் உரிமம் பெற்ற துப்பாக்கி இருக்கிறது என்று மரியாதையாக முன்கூட்டியே சொன்னார். காரில் உட்கார்ந்த நிலையிலேயே சுடப்பட்டு இறந்தார். சுட்ட காவலர் அடுத்த வருடம் விடுதலையானார். 2020 மார்ச்சில் லூயிவில்லில் நள்ளிரவில் கதவை உடைத்து நுழைந்த போலீஸாரைத் திருடர்கள் என்று நினைத்து பிரியோனா டெய்லரின் காதலர் ஒரு முறை சுட்டார். பதிலுக்கு வந்த குண்டுகளில் பிரியோனா இறந்தார். அதே வருடம் மே மாதம் ஒரு காவலர் கழுத்தை முழங்காலால் அழுத்தியதில் ஜார்ஜ் ஃபிளாய்ட் இறந்தபோது, உடல்நலக் கோளாறு என்றுதான் போலீஸின் முதல் அறிக்கை இருந்தது. 17 வயதுப் பெண் ஒருத்தி போனில் எடுத்த வீடியோ அந்த அறிக்கையைக் கிழித்தது, காவலர் சிறைக்குப் போனார்.

பதில் சொல்ல வைக்கும் வழி

இந்த வழியின் ஓட்டைகளை மறைக்கப் போவதில்லை. 2006-இல் பிரகாஷ் சிங் வழக்கில், காவல்துறை மீதான புகார்களை விசாரிக்க மாநிலத்திலும் மாவட்டத்திலும் ஓய்வுபெற்ற நீதிபதிகள் தலைமையில் ஆணையம் வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். தமிழ்நாடு 2013-இல் கொண்டுவந்த காவல் சீர்திருத்தச் சட்டத்தில் மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலரும், மாவட்ட ஆணையத்துக்கு ஆட்சியரும் தலைவர்கள். மாவட்ட எஸ்.பி.யே உறுப்பினர். அதாவது துப்பாக்கி உரிமம் கேட்டுப் போகும் அதே ஆட்சியரிடம்தான் போலீஸ் மீதான புகாரும் போகிறது, பக்கத்து நாற்காலியில் எஸ்.பி. இருக்கிறார். தன் கீழே வேலை பார்ப்பவர் மீதான புகாரைத் தானே விசாரிக்கும் அமைப்பை ஜனங்கள் எப்படி நம்புவார்கள்?

புகார் வாங்கியதற்குத் தர வேண்டிய சி.எஸ்.ஆர். ரசீதும் அப்படித்தான். பாடியிலிருந்து ஒரு தொழிலாளி கூலியை இழந்துவிட்டு நிலையத்துக்குப் போகிறார். "ஐயா, ஒரு சி.எஸ்.ஆர். ரசீது குடுங்க" என்று கேட்கிறார். "ஐயா வரட்டும், நாளைக்கு வா" என்கிறார் பாராவில் நிற்பவர். பந்தலூர்ப் பக்கத்துக்காரருக்கு அந்த 'நாளைக்கு' என்பது இரண்டு பஸ், ஒரு நாள் கூலி. மூன்றாவது முறை அவர் போவதில்லை.

இருந்தும் இந்த வழியில் கையில் பிடிக்க நிறைய இருக்கிறது. பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் என்றால் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என்று 2013-இல் லலிதா குமாரி வழக்கில் தீர்ப்பு. நிலையத்தில் மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம், அங்கேயும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம் என்கிறது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு. அறிக்கையின் நகல் இலவசம். மனித உரிமை ஆணையத்துக்குப் போக ஒரு வருட அவகாசம் உண்டு. 2020 டிசம்பரில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியோடு பதியும் கேமரா இருக்க வேண்டும், பதிவை 18 மாதம், வசதி இல்லையென்றால் ஒரு வருடமாவது வைத்திருக்க வேண்டும்.

அந்தக் கடைசி விஷயம் எவ்வளவு பெரியது என்பதற்குச் சாத்தான்குளம் சாட்சி. 2020 ஜூனில் அந்த ஊர்க் காவல் நிலையத்தில் அடிபட்ட ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் இறந்த பிறகு விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட், வன்தட்டில் இடம் இருந்தும் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததைக் கண்டார். அந்த நிலையத்திலேயே வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர் பயத்தை மீறிச் சாட்சி சொன்னதால்தான் உள்ளே நடந்தது வெளியே வந்தது. சித்தேரி மலை அடிவாரத்து வாச்சாத்தி இன்னும் பழைய கதை. 1992-இல் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் சேர்ந்து பழங்குடிக் கிராமத்தைச் சூறையாடினார்கள், பெண்களை வன்கொடுமை செய்தார்கள். 2011-இல், உயிரோடு இருந்த 215 பேருக்கும் தண்டனை. 2023-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 31 வருடம் என்பது வெட்கக்கேடுதான். ஆனால் கையில் கைத்தடிகூட இல்லாத ஜனங்கள் மூன்று துறைகளையும் கூண்டில் ஏற்றினார்கள்.

ஆள் அரவமில்லாத இடத்தில் தனி பங்களா, வயதான தம்பதி, முன்பே திருட்டு நடந்திருக்கிறது என்றால், முறையாகப் பயிற்சி எடுத்து உரிமம் வாங்குங்கள், நான் தடுக்க மாட்டேன். குழந்தைகள் இருக்கும் வீடு, குடிப்பழக்கம் இருக்கும் வீடு, பங்காளித் தகராறு இருக்கும் வீடு என்றால் வேண்டவே வேண்டாம். அங்கே அந்தக் குழல் திருடன் பக்கம் திரும்புவதற்கு முன் வீட்டாள் பக்கம் திரும்பிவிடும்.

மற்ற எல்லாருக்கும், ஊராகச் சேர்ந்து கேட்க வேண்டியவை இருக்கின்றன. மாவட்டப் புகார் ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற நீதிபதியைத் தலைவராக்கச் சட்டத்தைத் திருத்துங்கள். நிலையக் கேமராக்களில் எத்தனை வேலை செய்கின்றன, பதிவு எத்தனை நாள் இருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஊட்டி பிங்கர் போஸ்டில் இருக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகும்போது, ரசீது மறுக்கப்பட்ட தேதியையும் நேரத்தையும் எழுதிக் கொடுத்து, அந்த மனுவுக்கும் எண் வாங்கிக்கொள்ளுங்கள். துப்பாக்கி உரிமத்துக்கு விண்ணப்பிப்பவருக்கும் இந்தக் காகிதங்கள் வேண்டும். உயிருக்கு ஆபத்து என்று எழுதினால், இதுவரை எங்கே புகார் கொடுத்தீர்கள், ரசீது எங்கே என்றுதான் அங்கேயும் முதலில் கேட்பார்கள்.