எல்லை வரை செமஸ்டர் டிக்கெட், அப்பால் தனி டிக்கெட்: ஜெர்மனியிலிருந்து ஐரோப்பிய நகரங்களுக்கு

ஜெர்மனியில் படிக்கும் மாணவர்களில் பலர் செமஸ்டர் கட்டணத்தோடு சேர்த்தே, நாடு முழுவதும் உள்ளூர், வட்டார ரயில்களில் செல்லும் டாய்ச்லாண்ட் செமஸ்டர் டிக்கெட்டுக்கும் பணம் கட்டிவிடுகிறார்கள். பிறகு அதை வகுப்புக்குப் போய்வர மட்டும் வைத்துக்கொண்டு, விடுமுறை வந்தால் வியன்னாவுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் முழு டிக்கெட் எடுக்கிறார்கள். ஜெர்மன் பகுதியை இந்த டிக்கெட்டிலேயே கடந்து, எல்லை ஸ்டேஷனிலிருந்து அடுத்த நாட்டு டிக்கெட்டைத் தனியாக வாங்கினால் செலவு பாதிக்கும் கீழே வருவதுண்டு. ஆனால் எல்லா எல்லையிலும் இது ஒரே மாதிரி நடக்காது. சில இடங்களில் அருமை, சில இடங்களில் நேர விரயம்.

முதலில் விலை. டாய்ச்லாண்ட் டிக்கெட் 2023 மே 1 அன்று 49 யூரோவுக்கு அறிமுகமானது. 2025 ஜனவரியில் 58, 2026 ஜனவரியில் 63 யூரோ ஆனது. மாணவர் வடிவத்தின் விலை அதில் 60 விழுக்காடு. 63 யூரோவுக்குக் கணக்கிட்டால் மாதம் 37.80, ஆறு மாத செமஸ்டருக்கு 226.80. பல்கலைக்கழக மாணவர் அமைப்பு ஒப்பந்தம் போட்டிருந்தால்தான் இது கிடைக்கும். போட்டிருந்தால் எல்லோரும் கட்டியாக வேண்டும், வேண்டாம் என்று பொதுவாக விலக முடியாது. எப்படியும் பணம் போய்விட்டது, பயன்படுத்துவதே லாபம்.

ஆர்ஈ, ஆர்பி என்ற வட்டார ரயில்கள், எஸ்-பான் என்ற புறநகர் ரயில், யூ-பான் என்ற மெட்ரோ, டிராம், நகரப் பேருந்து ஆகியவற்றில் இந்த டிக்கெட் இரண்டாம் வகுப்பில் செல்லும். ஐசிஈ, ஐசி, ஈசி, ஃப்ளிக்ஸ் ரயில், ஆஸ்திரியாவின் ரயில்ஜெட் ஆகிய நெடுந்தூர ரயில்களில் செல்லாது. ஜெர்மன் ரயில்வேயின் டிபி நேவிகேட்டர் செயலியில் டாய்ச்லாண்ட் டிக்கெட் ரயில்களை மட்டும் காட்டும் தேர்வு இருக்கிறது. அதைப் போடாமல் தேடினால் நடுவில் ஒரு ஐசி ஒளிந்திருக்கும், டிடிஆர் வந்த பிறகுதான் தெரியும். டிக்கெட் போனில் இருப்பதால் பேட்டரி தீர்ந்தால் டிக்கெட் இல்லாத பயணம்தான், அபராதம் 60 யூரோ. பவர் பேங்க் இல்லாமல் ஆறு மணி நேர ஆர்ஈ பயணம் கிளம்பக் கூடாது. டிக்கெட் பெயருக்குரியது என்பதால் அடையாள அட்டையும் கேட்பார்கள்.

இந்த முறைக்கு மிகப் பொருத்தமான எல்லை சால்ஸ்பர்க். மியூனிக்கிலிருந்து பிஆர்பி நிறுவனத்தின் ஆர்ஈ5 ஏறத்தாழ மணிக்கு ஒன்று, சுமார் இரண்டு மணி நேரம். ஆஸ்திரியாவுக்குள் இருந்தாலும் சால்ஸ்பர்க் மெயின் ஸ்டேஷன் வரை டிக்கெட் செல்லும்; நகரப் பேருந்தில் செல்லாது. அங்கிருந்து வியன்னாவுக்கு ஓபிபி, வெஸ்ட்பான் என்ற இரண்டு நிறுவனங்கள் போட்டி போட்டு ஓட்டுகின்றன, இரண்டரை மணி நேரம் ஆகும். ஒன்றின் டிக்கெட் மற்றதில் செல்லாது. ஓபிபியின் ஷ்பார்ஷீன சலுகை டிக்கெட் அந்த ஒரு ரயிலுக்கு மட்டுமே. தவறவிட்டால் பணம் போச்சு. மியூனிக்கிலிருந்து வியன்னாவுக்கு நேரடி ரயில்ஜெட் சுமார் நான்கு மணி நேரத்தில் கொண்டுவிடும். உடைத்துப் போனால் ஒரு மணிக்கும் மேல் கூடும். நேரடி ரயிலில் சலுகை டிக்கெட் கிடைக்கும் நாட்களில் அதையே எடுப்பது புத்திசாலித்தனம்; கடைசி நேரத்தில் விலை ஏறியிருக்கும்போதுதான் சால்ஸ்பர்க் வழி கைகொடுக்கும். இன்ஸ்ப்ரூக் போகிறவர்களுக்கு இதே வேலையைக் குஃப்ஸ்டைன் செய்கிறது, அங்கும் ஸ்டேஷன் வரை செல்லும்.

ப்ராக் வழி கொஞ்சம் நுணுக்கமானது. மியூனிக்கிலிருந்து ரேகன்ஸ்பர்க், ஷ்வாண்டோர்ஃப் வழியாக ப்ராக் போகும் ரயிலில் ஜெர்மன் பக்கம் ஃபூர்த் இம் வால்ட் வரை செமஸ்டர் டிக்கெட் செல்லும். அதே ரயில்தான் தொடர்ந்து ஓடுகிறது, இறங்கத் தேவையில்லை. செக் பகுதி டிக்கெட்டை செக் ரயில்வேயின் தளத்தில் எல்லைப் புள்ளியிலிருந்து எடுக்க வேண்டும். பலர் முதல் பெரிய செக் ஊரான டொமாஸ்லிட்சேயிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். எல்லைக்கும் அந்த ஊருக்கும் நடுவே சில கிலோமீட்டர் டிக்கெட் இல்லாத ஓட்டை விழும், செக் டிடிஆர் சரியாக அங்கேதான் வருவார். 26 வயது நிறையாத மாணவர்களுக்குச் செக் நாட்டில் அரசு நிர்ணயித்த 50 விழுக்காடு சலுகை உண்டு. அதற்கு ஐசிக் என்ற சர்வதேச மாணவர் அட்டை கையில் இருக்க வேண்டும், ஜெர்மன் பல்கலைக்கழக அட்டையைக் காட்டி வாதாடிப் பயனில்லை.

லக்சம்பர்க் எல்லாவற்றிலும் சுலபம், ஏனென்றால் அங்கே பொதுப் போக்குவரத்து 2020 முதல் நாடு முழுவதும் இலவசம். ஜெர்மன் எல்லை வரை செமஸ்டர் டிக்கெட், அதற்கப்பால் டிக்கெட்டே வேண்டாம். கோப்லென்ட்ஸிலிருந்து மோசல் ஆற்றோரமாக வரும் ரயிலில் ஒரு பொறி இருக்கிறது: இரண்டு ரயில்கள் ஒட்டிவந்து ட்ரியரில் பிரிகின்றன. லக்சம்பர்க் ரயில்வேயின் இரட்டை அடுக்குப் பெட்டிகள் லக்சம்பர்க் போகும், ஒற்றை அடுக்குப் பெட்டிகள் சார்ப்ரூக்கன் பக்கம் திரும்பும். ஏறும்போதே பெட்டியின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரைப் பார்க்க வேண்டும். பிளாட்பாரப் பலகையில் இரண்டு ஊர்களும் சேர்ந்தேதான் தெரியும். மியூனிக்கிலிருந்து தெற்கே மலைப்பக்கம் போகும் ரயில்களும் ஹோல்ட்ஸ்கிர்ஷனில் இப்படியே பிரியும். தூங்கிக்கொண்டு போகிறவர்கள் வேறு ஏரிக்கரையில் கண் விழிப்பது அங்கே வாராவாரம் நடப்பதுதான்.

நெதர்லாந்தில் எல்லையோர ஊர்களான என்ஷெடே, வென்லோ இரண்டு வரையும் செமஸ்டர் டிக்கெட் செல்லும். ஆர்ன்ஹெம் வரை செல்லாது. ம்யூன்ஸ்டர், டோர்ட்முண்ட் இரண்டிலிருந்தும் என்ஷெடேக்கு நேரடி ஆர்பி இருக்கிறது. அது அங்கே தனித் தண்டவாளத்தில் வந்து முடிகிறது, டச்சு ரயிலுக்கு நடந்து மாற வேண்டும். அதன் பிறகு டிக்கெட் வாங்கும் வேலை இல்லை. வங்கி அட்டையையோ போனையோ கம்பத்தில் தட்டி உள்ளே போய், இறங்கும் ஊரில் அதே அட்டையைத் தட்டி வெளியே வர வேண்டும். உள்ளே போகும்போது போனைத் தட்டி, வெளியே வரும்போது அட்டையைத் தட்டினால் இயந்திரம் இரண்டு வேறு பயணிகள் என்று எடுத்துக்கொண்டு ரயிலில் 20 யூரோ பிடித்துவிடும். ஒரே வங்கிக் கணக்கு என்பது அதற்குத் தெரியாது.

சுவிட்சர்லாந்தின் பாசலில் பாடிஷர் பான்ஹோஃப் என்ற ஸ்டேஷன் வரை டிக்கெட் செல்லும். அது சுவிஸ் மண்ணில் நிற்கும் ஜெர்மன் ரயில்வே ஸ்டேஷன். சுவிஸ் ரயில்வேயின் ஸ்டேஷனான பாசல் எஸ்பிபி வரை போக வேறு டிக்கெட். அந்த நகரத்தில் ஹோட்டலிலோ ஹாஸ்டலிலோ தங்கினால் உள்ளூர்ப் போக்குவரத்துக்கான அட்டை இலவசமாகக் கிடைக்கும், கேட்டு வாங்குங்கள். பிரான்சின் ஸ்ட்ராஸ்பூருக்கு, ஜெர்மன் எல்லை ஊரான கேல் வரை ரயில், பிறகு டி வழித்தட டிராம் ரைன் நதியைக் கடக்கும். டிராமுக்கு ஸ்ட்ராஸ்பூர் டிக்கெட் வாங்க வேண்டும். பாலத்தை நடந்தே கடந்து பிரெஞ்சுப் பக்கம் ஏறுகிறவர்களும் உண்டு.

இனி தாமதம். ஜெர்மன் ரயில் நேரத்துக்கு வரும் என்ற நம்பிக்கை முதல் மாதத்திலேயே போய்விடும், அதைக் கணக்கில் வைத்தே திட்டமிட வேண்டும். சேருமிடத்துக்கு 20 நிமிடத்துக்கு மேல் தாமதமாகும் என்று தெரிந்தால் ஐசிஈயில் ஏறலாம் என்று நண்பர்கள் சொல்வார்கள். அந்த விதி சாதாரண லோக்கல் டிக்கெட்டுக்கு. டாய்ச்லாண்ட் டிக்கெட் பெருஞ்சலுகை டிக்கெட் என்பதால் அதற்குப் பொருந்தாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் இழப்பீடு உண்டு, ஒரு தடவைக்கு 1.50 யூரோ. ஆனால் மொத்தம் 4 யூரோவுக்குக் குறைந்தால் தரமாட்டார்கள், ஆகவே மூன்று தாமதங்களையாவது சேர்த்து விண்ணப்பிக்க வேண்டும். டீ செலவுக்கு ஆகும்.

பெரிய நஷ்டம் வேறு இடத்தில். செமஸ்டர் டிக்கெட்டும் எல்லைக்கப்பால் எடுத்த டிக்கெட்டும் சட்டப்படி இரண்டு தனி ஒப்பந்தங்கள். ஆர்ஈ தாமதத்தால் வியன்னா ரயில் போய்விட்டால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். அதனால் சலுகை டிக்கெட் எடுக்கும்போது, செயலி காட்டும் கனெக்‌ஷனுக்கு ஒரு ரயில் முன்னதாகவே எல்லை ஸ்டேஷனுக்குப் போய்ச் சேரும்படி பார்க்க வேண்டும். ஒரு மணி நேரம் பிளாட்பாரத்தில் உட்கார்வது, புது டிக்கெட் எடுப்பதைவிட மலிவு. நாளின் கடைசி ரயிலை நம்பி இப்படி உடைத்துப் போகவே கூடாது. ஞாயிற்றுக்கிழமை மாலை திரும்புவதும் வேண்டாம்: கூட்டம் நிரம்பி, ஆட்களை இறக்கிவிட்டுக் கிளம்பும் ரயில்கள் அன்றைக்குத்தான்.

ஷெங்கன், அதாவது எல்லைச் சோதனையின்றி நாடுவிட்டு நாடு போகும் ஒப்பந்தப் பகுதி என்றால் சோதனையே இல்லை என்பது பழைய கதை. 2024 செப்டம்பர் 16 முதல் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனை நடத்துகிறது. சால்ஸ்பர்க்கிலிருந்து திரும்பும் ரயிலில் ஜெர்மன் எல்லை ஊரான ஃப்ரைலாசிங் அருகே போலீஸ் ஏறுவது வழக்கம். பாஸ்போர்ட், ரெசிடென்ஸ் பெர்மிட் அட்டை இரண்டும் அசலாக வேண்டும்; போனில் போட்டோ காட்டினால் ஏற்கமாட்டார்கள். பெர்மிட் புதுப்பிக்கக் கொடுத்துவிட்டு ஃபிக்ட்சியோன்ஸ்பெஷைனிகுங் என்ற தாளோடு இருப்பவர்கள் மிகக் கவனம். அதில் பழைய பெர்மிட் தொடர்வதாகக் குறிக்கும் கட்டம் டிக் செய்யப்பட்டிருந்தால்தான் வெளியே போய் ஜெர்மனிக்குத் திரும்ப முடியும். வேறு கட்டம் என்றால் புது அட்டை வரும்வரை எல்லை தாண்ட வேண்டாம். அட்டை இருந்தால் மற்ற ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளிலும் மொத்தம் 90 நாள் வரை இருக்கலாம். பிரிட்டனும் அயர்லாந்தும் ஷெங்கனில் இல்லை. இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டுக்குத் தனி விசா வேண்டும்.

நீண்ட சுற்றுக்கு, பல ஐரோப்பிய நாடுகளின் ரயில்களில் செல்லும் இன்டர்ரயில் பாஸ் வாங்கலாமா என்ற கேள்வி வந்துகொண்டே இருக்கும். ஐரோப்பாவில் வசிப்பவர்கள் எந்தக் குடியுரிமை என்றாலும் வாங்கலாம், வசிப்பிடச் சான்று போதும். 27 வயது வரை இளைஞர் விலை. சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா போன்ற இடங்களில், நினைத்த நேரத்தில் ஏறிக்கொள்ளும் சுதந்திரத்துக்காக இது நல்ல பேரம். பிரான்சின் டிஜிவி, ஸ்பெயினின் ஆவே, இத்தாலியின் ஃப்ரெச்சா ஆகிய அதிவேக ரயில்களில் ஒவ்வொரு தடவையும் தனி ரிசர்வேஷன் கட்டணம். டிஜிவியில் பாஸ்காரர்களுக்கான இடங்கள் சீக்கிரம் தீர்ந்தும் போகும். அந்த நாடுகளுக்கு முன்கூட்டியே தனி டிக்கெட் எடுப்பதே மேல். வசிக்கும் நாட்டுக்குள் பாஸ் ஒரு தடவை வெளியேற, ஒரு தடவை திரும்ப மட்டுமே செல்லும். செமஸ்டர் டிக்கெட் இருப்பவர்கள் எல்லை வரை அதில் போய், சால்ஸ்பர்க்கிலோ பாசலிலோ பாஸின் முதல் நாளைத் தொடங்கினால் ஒரு பயண நாள் மிச்சம்.

மலிவு விமானத்தில் டிக்கெட் விலையைவிட விமான நிலையத்தின் தூரத்தைப் பார்க்க வேண்டும். ஃப்ராங்க்ஃபர்ட்-ஹான் ஃப்ராங்க்ஃபர்ட்டிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர், பாரிஸ்-போவே சுமார் 85. பேருந்துக் கட்டணத்தைக் கூட்டினால் பாதி நேரம் ரயில்தான் ஜெயிக்கும்.

பாரிஸ் போகிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: 18 முதல் 25 வயது வரை உள்ள ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிவாசிகளுக்கு லூவ்ர் இலவசம். குடியுரிமை தேவையில்லை, ஜெர்மன் ரெசிடென்ஸ் பெர்மிட்டே சான்று. ஆனால் இலவச டிக்கெட்டுக்கும் நேரம் முன்பதிவு செய்துகொள்வது நல்லது. இத்தாலியின் அரசு அருங்காட்சியகங்களில் 2 யூரோ இளைஞர் டிக்கெட் ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு மட்டும்; நமக்கு மாதத்தின் முதல் ஞாயிறு இலவச நாள்தான் வழி. பாரிஸில் சாப்பாட்டுக்கு கார் து நோர் ஸ்டேஷனிலிருந்து சில நிமிட நடையில் லா ஷபெல். ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு அது, கொத்து ரொட்டியும் இடியாப்பமும் கிடைக்கும்.

ஜெர்மன் அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டையின் பின்புறம் ஐரோப்பிய காப்பீட்டு அட்டையும் சேர்ந்திருக்கிறது. ஒன்றிய நாடுகளில் அவசர சிகிச்சைக்குச் செல்லும். ஆனால் மூன்றாம் நாட்டுக் குடிமக்களுக்கு டென்மார்க், சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைன் ஆகியவற்றில் செல்லாது, அங்கே போகுமுன் தனிப் பயணக் காப்பீடு எடுக்க வேண்டும். சுவிட்சர்லாந்தில் ஜெர்மன் சிம்முக்கு ஒன்றிய ரோமிங் விதியும் இல்லை. கான்ஸ்டன்ஸ், வைல் அம் ரைன் போன்ற ஊர்களில் ஜெர்மன் பக்கம் நிற்கும்போதே போன் சுவிஸ் டவரைப் பிடித்துக்கொள்ளும். எல்லை நெருங்குமுன் டேட்டா ரோமிங்கை அணைத்துவிட்டு, டிக்கெட்டையும் வரைபடத்தையும் முன்பே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.